குடியிருக்கிறவனின் வோட்டு

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்கள் அறிமுகமாவதற்கு முன்பே அவர்களுடைய படிவங்கள் அறிமுகமாகிவிடுகின்றன. திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கிளைக்குப் போன வருஷம் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். எண்ணூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. சம்பளம் இனி வங்கியில்தான் விழும் என்று சொல்லிவிட்டார்களாம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் வந்து போகிறவள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் நிதானமான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். நாட்டினம் என்ற கட்டத்தில் மட்டும் 'இந்தியா' என்று எழுதி அடித்து, 'இலங்கை' என்று எழுதி, அதன் மேலும் ஒரு கோடு லேசாக ஓடியிருந்தது. தற்காலிக முகவரி காலி. நிரந்தர முகவரி என்ற இடத்தில் கும்மிடிப்பூண்டி முகாம்.

'முகாம் எப்படிம்மா நிரந்தர முகவரி ஆகும்?' என்று கேட்டேன். குமாஸ்தாக்கள் கேட்கிற கேள்வி.

'அங்கதான் சார் பிறந்தேன். நிரந்தரம்னா வேற எத எழுதுறது?'

வோட்டர் ஐடி இருக்கிறதா என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். 'எலெக்ஷன் நேரத்துல மைக் கட்டின ஆட்டோ எல்லாத் தெருவுக்கும் போகும் சார். எங்க லைனுக்கு மட்டும் திரும்பாது. நாங்க கொஞ்சம் நிம்மதியாத் தூங்குறது அப்பத்தான்.'

இரண்டு வாரம் அலைக்கழித்த பிறகு அவளுடைய கணக்கு தொடங்கப்பட்டது. அலைக்கழித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவள் சொன்ன 'லைன்' என்ற சொல் என்னிடம் தங்கிவிட்டது. அவளுடைய தாத்தா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் இருந்தவர். 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு இறங்கினார்கள். 1990ல் அங்கிருந்து படகில் இந்தப் பக்கம். தாத்தா இருந்ததும் லைன், பேத்தி இருப்பதும் லைன். இரண்டு லைன்களுக்கும் இடையில் ஒரு வோட்டு காணாமல் போயிருக்கிறது. அது எப்போது, எந்த இடத்தில் காணாமல் போனது என்று தேடிப் பார்த்ததன் விளைவு இக்கட்டுரை.

ஒரு ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்கிறவன் அந்நாட்டுப் பிரஜையாக இல்லாவிட்டாலும், அந்த ஊரின் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலிலாவது அவனுக்கு வோட்டு இருக்கவேண்டுமா என்ற கேள்வியை இன்று ஐரோப்பாவின் கேள்வியாக நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஸ்வீடனில் துருக்கியர், ஹாலந்தில் மொராக்கோக்காரர் என்று. இந்தக் கேள்வி தமிழர்களை வைத்து, தமிழர்களின் குழாயையும் ரோட்டையும் வைத்து, ஏறத்தாழ தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே கேட்கப்பட்டு, தவறான பதிலும் சொல்லப்பட்டுவிட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். மறந்தோம் என்பதுகூடச் சரியில்லை. நாம் கவனித்திருந்தால்தானே மறப்பதற்கு.

*

தமிழில் 'குடி' என்ற சொல் இவ்விஷயத்தில் சற்று விஷமம் செய்கிறது. குடியிருப்பு, குடிக்கூலி, குடிவருதல், குடியுரிமை, குடிமகன் என்று எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனும் நாட்டுக்கு உரிமை உள்ளவனும் மொழியின் கணக்கில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சட்டம்தான் இருவருக்கும் நடுவில் சுவர் எழுப்பியது. இந்த இடத்தில் யாராவது உத்திரமேரூர்க் குடவோலையை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் அந்தச் சபை பிராமணர்களின் சபை. குடத்தில் பெயர் விழுவதற்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வேதமும் தெரிந்திருக்கவேண்டும். அதை ஜனநாயகம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்களுக்கு லயத்து மனிதனைப் பற்றிப் பேச இடமிருக்காது.

எங்கள் பக்கத்துச் சரித்திரம் இதைவிடச் சுவாரசியமானது. சென்னை நகரசபைக்கான சாசனம் 1687 டிசம்பரில் எழுதப்பட்டது. 1688 செப்டம்பர் 29ல் சபை தொடங்கியபோது மேயர் நதானியேல் ஹிக்கின்சனுடன் 12 ஆல்டர்மென்கள். மூன்று பேர் ஆங்கிலேயர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், இருவர் போர்த்துகீசியர், மூவர் யூத வியாபாரிகள், மூவர் இந்துக்கள். வைரமும் பவழமும் விற்க வந்த யூதன் இந்த ஊருக்கு எந்த அர்த்தத்தில் பிரஜை? யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியிருந்தது வரி. வரி கொடுக்கிறவர்களில் நாலு பேரைச் சபையில் உட்காரவைத்தால் வசூல் சுலபமாகும் என்பது லண்டனிலிருந்த ஜோசையா சைல்டின் கணக்கு. எல்லாம் நியமனம், தேர்தல் இல்லை. ஜனநாயகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊர் வேறு, ராஜ்யம் வேறு, ஊரில் இருக்கிறவன் ஊர்க் காரியத்தில் பேசலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மண்ணடியில் பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. ஆர்மீனியன் தெருவை நம் ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டார்கள். ஊர் அந்நியனை ஜீரணிக்கிற விதம் அது. ராஜ்யத்துக்கு அந்த ஜீரண சக்தி கிடையாது.

*

இலங்கைக்கு வருகிறேன். 1927 நவம்பரில் டொனமூர் கமிஷன் கொழும்புக்கு வந்தது. 1928ல் அறிக்கை கொடுத்தது. சொத்து, படிப்பு என்ற வேலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, 21 வயதான ஆண்களுக்கும் 30 வயதான பெண்களுக்கும் வோட்டு என்றது. ஐந்து வருஷம் தீவில் வசித்திருந்தால் போதும் என்பது கமிஷன் வைத்த நிபந்தனை. இது மலையில் இருந்த தோட்டத் தொழிலாளிகளையும் உள்ளே கொண்டுவந்துவிடும் என்று தெரிந்ததும் சிங்களத் தலைவர்கள் மத்தியில் பெரிய கலவரம். கவர்னர் ஸ்டான்லி நடுவில் புகுந்து 'வசிப்பிடம்' என்பதை 'நிரந்தர வாசம்' என்று இறுக்கினார். தீவையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவன் என்று நிரூபிக்கவேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ காட்டவேண்டும். அதுவும் இல்லையென்றால் ஐந்து வருஷ வாசத்தைக் காட்டி, இந்தியத் தொழிலாளி என்ற முறையில் உள்ள விசேஷப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுத்து, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் வாங்கவேண்டும். 'பிரஜை அல்லாத நிரந்தரவாசி' என்று இன்றைய சட்டப் புத்தகங்கள் சொல்லும் பிராணி நம்மவர்களின் உருவத்தில் அப்போதே பிறந்துவிட்டது. ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். அன்று இலங்கைப் பிரஜை என்று தனியாக யாரும் இல்லை. எல்லாரும் பிரிட்டிஷ் மகாராஜாவின் பிரஜைகள். இலங்கையில் வோட்டு முதலில் வந்தது. பிரஜா உரிமை பதினேழு வருஷம் கழித்து வந்தது. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

1931 தேர்தலில் ஏறத்தாழ ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் மந்திரியானார். 1936ல் அதே அட்டனில் கோ. நடேசய்யர் ஜெயித்தார். தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைக்காரர், தொழிற்சங்கத்தை மலைக்கு ஏற்றியவர். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, கூட்டங்களில் தாமே பாடியவர்.

இங்கே நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' மணிக்கொடியில் வந்தது 1935ல். மருதி தேயிலைத் தோட்டத்தில் படும் பாட்டை அதற்குமுன் தமிழில் யாரும் அந்த வீரியத்தோடு எழுதியதில்லை. ஆனால் அந்த வருஷத்தில் மருதியைப் போல் ஐந்து வருஷம் லயத்தில் கழித்த ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி வோட்டு கிடைத்திருக்கும். அதே சமயம் திருநெல்வேலியில் அவளை அடிமையாக வைத்திருந்த ஊரில், சொத்தும் வரியும் இல்லாத காரணத்தால், அவளுக்கு வோட்டு இல்லை. தமிழ் பேசும் கூலிப் பெண் முதன்முதலில் வோட்டுப் போட்டது பிறந்த ஊரில் இல்லை, கடல் கடந்த தேயிலை மலையில். கண்டியிலும் நுவரெலியாவிலும் நடந்த இந்த ஆச்சரியம் சென்னையில் உட்கார்ந்து எழுதிய ஒரு எழுத்தாளன் கண்ணிலும் படவில்லை. துன்பம் நம் கண்ணில் படுகிறது. அதிகாரம் கைமாறும் தருணம் படுவதில்லை. இது புதுமைப்பித்தனின் குறை என்று சொல்ல வரவில்லை. நம் எல்லாருக்கும் உள்ள பார்வைக் கோளாறு.

*

1937 தான் இக்கட்டுரையின் மையம். சரித்திரப் புத்தகங்கள் 1948ஐப் பற்றி அத்தியாயம் எழுதும். 1937க்கு ஒரு அடிக்குறிப்புப் போடும். எனக்கு இந்த அடிக்குறிப்பில்தான் எல்லாம் இருப்பதாகப் படுகிறது.

கிராமச் சங்கம் என்பது இலங்கையில் நம் பஞ்சாயத்து மாதிரி. ரோடு, கிணறு, சந்தை, சுடுகாடு. பழைய சட்டப்படி இதில் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளிகள் மூவருக்கும் இடமில்லை. கிராமம் என்பது கிராமத்தானுக்கு என்று. 1937ல் திருத்தம் வந்தபோது ஸ்தல ஸ்தாபன மந்திரி எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கதவு திறந்தது. இந்தியத் தொழிலாளிக்குத் திறக்கவில்லை. இந்திய சர்க்கார் ஆட்சேபித்தது. இனத்தின் பேரைச் சொல்லி விலக்குவது அன்றைய ஏகாதிபத்தியத்துக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கவேண்டும். வாசகத்தை மாற்றினார்கள். 'இந்தியன்' என்ற சொல் போயிற்று. தோட்டத்தில் முதலாளி கொடுத்த இடத்தில் குடியிருக்கும் தொழிலாளி எவனாயினும் அவனுக்குக் கிராமச் சங்கத்தில் வோட்டில்லை என்று ஆயிற்று. சிங்களத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து நடந்து வேலைக்கு வந்து போகிறவர்கள். லயத்தில் குடியிருந்தது யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த வாக்கியத்தை எழுதிய குமாஸ்தாவை நான் நினைத்துப் பார்க்கிறேன். என் ஜாதிதான் அவன். நல்ல டிராஃப்ட் எழுதுகிறவன். ஒருவரையும் பெயர் சொல்லாமல் ஒரு ஜனசமூகத்தையே வெளியே நிறுத்தும் வாக்கியத்தை எப்படி எழுதுவது என்ற பாடத்தை அந்தத் தீவின் ராஜ்யம் அன்று கற்றுக்கொண்டது. கிராமச் சங்கத்தில் கற்றதைப் பதினோரு வருஷம் கழித்துப் பார்லிமெண்டில் ஒப்பித்தது. 1948 பிரஜா உரிமைச் சட்டத்திலும் 'இந்தியன்' என்று விலக்கும் வாசகம் இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவனுக்குத் தகப்பனும் அங்கே பிறந்திருக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. நிரூபணம் கேட்கப்படுவது லயத்தில் பிறந்தவனிடம்.

எதிர்த்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அதை வெறும் இனத்துவேஷம் என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். கண்டிய விவசாயிக்கு 1840ன் நிலச் சட்டத்திலிருந்தே ஒரு காயம் இருந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் மேய்ச்சலும் சர்க்கார் நிலமாகி, சர்க்காரிடமிருந்து துரைகளுக்குப் போய், முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் ஆயிற்று. பல கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவில் தீவு மாதிரி நின்றன. இப்போது துரை தன் லயத்து ஆட்கள் நூறு பேரை வரிசையாக அனுப்பி, மிச்சமிருக்கிற கிராமச் சங்கத்தையும் பிடித்துக்கொள்வான் என்று அவன் பயந்தான். கங்காணி சொன்னால் கூலி கேட்பான், துரை சொன்னால் கங்காணி கேட்பான். பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தோட்டம் தன் ரோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது, தன் ஆளுக்குத் தானே மருந்து கொடுக்கிறது, கிராமச் சங்கத்திடம் அவனுக்கு என்ன வேலை என்ற கேள்வியும் மேலுக்கு நியாயமாகத்தான் ஒலிக்கும்.

ஆனால் பின்னால் நடந்தது என்ன? 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். துரை சொன்னபடி கேட்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு இடங்கள் கிடைத்தன. தலவாக்கலையில் ஜெயித்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மனிதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். தங்கள் ஆள் நிற்காத பல தொகுதிகளில் தோட்டத்து வோட்டு இடதுசாரிகளுக்குப் போயிற்று. துரைக்குப் பிடித்த கட்சி இடதுசாரிக் கட்சியாக இருந்திருக்க முடியாது. 1937ல் இவர்கள் முதலாளி சொன்னபடி போடுவார்கள் என்பதற்காக வோட்டு மறுக்கப்பட்டது; 1948ல் முதலாளிக்கு எதிராகப் போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பறிக்கப்பட்டது. காரணங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. முடிவு மட்டும் மாறவில்லை. ஒரு முடிவு தன் காரணங்களை இவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ள முடியுமானால் அந்தக் காரணங்களுக்கு அதில் வேலையே இருக்கவில்லை என்று அர்த்தம்.

*

மிச்சக் கதை பலருக்கும் தெரிந்தது. 1948 நவம்பர் 15ல் பிரஜா உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1949ல் இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று ஒரு சட்டம். அதே வருஷம் தேர்தல் சட்டத் திருத்தம் பிரஜை அல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1948 சட்டத்துக்கு எதிராக வோட்டளித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் அடுத்த மாதமே மந்திரிசபையில் சேர்ந்தார். அதைப் பொறுக்காமல் வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிரஜா உரிமைக்கு மனுச் செய்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஒரு தொழிலாளி தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1953ல் தோற்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான வேலை என்று பிரபுக்கள் கருதினார்கள். 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறீமாவோவும் 9,75,000 பேரை உட்கார்ந்து பங்குபோட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974ல் பாதி பாதியாக்கினார்கள். பாகப் பிரிவினையில் பாத்திரங்களுக்குக்கூட இதைவிட அதிகம் வாதம் நடக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. பார்லிமெண்ட் வோட்டு 1977க்குப் பின் மெதுவாகத் திரும்பி வந்தது. தொண்டமான் மறுபடி பார்லிமெண்டுக்குப் போனார். 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் நாடற்றவர் என்ற பெயரை அழித்தன. ஆனால் கிராமச் சங்கத்தின் நிழல் போகவில்லை. 1987ன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவழிப்பதற்கு அந்தப் பிரிவு ஒரு முட்டுக்கட்டை. தோட்டத்து மனிதன் வோட்டுப் போடலாம், உறுப்பினர் ஆகலாம், தலைவர்கூட ஆகலாம். ஆனால் அவன் லயத்துக்குப் போகும் பாதையில் சபை கல் போட முடியாது, ஏனென்றால் அது தோட்டத்துக்குள் இருக்கிறது. இது திருத்தப்பட்டது 2018ல். 1937க்கும் 2018க்கும் இடையில் 81 வருஷம். பார்லிமெண்டில் பறிபோனது ஒரு தலைமுறையில் திரும்பிற்று. ஊர்க் குழாயடியில் பறிபோனது மூன்று தலைமுறை ஆகியும் கஷ்டப்பட்டுத்தான் திரும்புகிறது. நாம் சின்ன வோட்டு, பெரிய வோட்டு என்று தரம் பிரிக்கும்போது எதைச் சின்னது என்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

*

வெளியுலகில் இதைச் சின்ன வோட்டு என்று நினைத்ததனால்தான் பல நாடுகளில் கொடுத்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. அயர்லாந்து 1963லேயே ஊர்த் தேர்தலில் பிரஜை அல்லாத வாசிகளுக்கு வோட்டு கொடுத்துவிட்டது. ஸ்வீடனில் மூன்று வருஷம் வசித்த அந்நியர் 1976ல் நகரசபைக்கு வோட்டுப் போட்டார்கள். ஹாலந்தில் 1986ல், ஐந்து வருஷ வாசத்துக்கு. நியூஸிலாந்து 1975ல் பார்லிமெண்டுக்கே கொடுத்தது. இந்த நாடுகள் ஒன்றும் இதனால் மூழ்கிவிடவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் போன்ற இடங்களில் 1989ல் கொடுக்கப் பார்த்தார்கள். 1990ல் அரசியல் சட்ட நீதிமன்றம், மக்கள் என்றால் ஜெர்மன் மக்கள், ஊரிலும் அவர்கள்தான் என்று சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்தில் அரசியல் சட்டத்தையே திருத்தி ஐரோப்பியச் சமூகத்து அண்டை நாட்டாருக்குக் கதவைத் திறந்தார்கள். துருக்கியன் வெளியிலேயே நின்றான். இவற்றையெல்லாம்விட நமக்கு நெருக்கமான ஒரு தகவல்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு லண்டனில் குடியிருக்கிற நம் உறவுக்காரர், காமன்வெல்த் நாட்டார் என்ற முறையில், அங்கே நகரசபைக்கு மட்டுமல்ல, பார்லிமெண்டுக்கும் வோட்டுப் போடுகிறார். தாம்பரத்தில் இருக்கும் அவருடைய தகப்பனாருக்கு இது விபரீதமாகத் தெரிவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பெண்ணுக்கு ஊராட்சி வோட்டு என்றால் தெரியும்.

நம் அரசியல் சட்டம் லோக்சபைக்கும் சட்டசபைக்கும் வாக்காளன் பிரஜையாக இருக்கவேண்டும் என்று 326ஆம் ஷரத்தில் வெளிப்படையாகச் சொல்கிறது. பஞ்சாயத்துகளையும் நகராட்சிகளையும் பற்றி 1992 திருத்தங்கள் சேர்த்த பகுதிகளில் வாக்காளனைப் பற்றி அந்த வார்த்தை இல்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பதிவான நபர்கள் என்று மட்டுமே கிராம சபைக்கு இலக்கணம் சொல்கிறது. நடைமுறையில் சட்டசபைப் பட்டியலையே ஊருக்கும் எடுத்துக்கொள்வதால், பட்டியல் வழியாகப் பிரஜா உரிமை உள்ளே வந்துவிடுகிறது. வக்கீல்கள் இதை எப்படி வேண்டுமானாலும் வியாக்கியானம் செய்யலாம். அந்த இடைவெளி அங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதே நாட்டில் தலைகீழான உதாரணமும் உண்டு. பிரிவினையின்போது மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஜம்முவுக்கு வந்தவர்கள் இந்தியப் பிரஜைகள். லோக்சபைக்கு வோட்டுப் போட்டார்கள். ஆனால் அந்த ராஜ்யத்தின் 'நிரந்தரவாசிகள்' அல்ல என்பதால் சட்டசபைக்கும் பஞ்சாயத்துக்கும் வோட்டு இல்லை. 2020ல் மாவட்ட வளர்ச்சிக் கவுன்சில் தேர்தலில்தான் முதன்முதலாக ஊர் வோட்டுப் போட்டார்கள். பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், வாய்க்காலைத் தூர்வார ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற நிலையில் எழுபது வருஷம் இருந்தார்கள். டெல்லியில் இருக்கிறவர்களுக்கு இது கொடுமையாகப் பட்டது, சரியாகவே பட்டது. அந்தக் கண் கும்மிடிப்பூண்டிப் பக்கம் திரும்பவில்லை.

*

எங்கள் ரயில் பாதையில் இந்தச் சரித்திரம் அடுக்கடுக்காக இருக்கிறது. 1964க்குப் பிறகு ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் வியாசர்பாடியில், மணலிப் பக்கத்தில் பர்மா நகரில், இன்னும் பல இடங்களில் குடியேறினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார் வந்தது. அவர்களும், ஒப்பந்தப்படி தலைமன்னாரிலிருந்து வந்த சிலோன்காரர்களும், இந்தியப் பிரஜைகளாக வந்து வாக்காளர்கள் ஆனார்கள். அவர்களுக்காக 1969ல் ஒரு வங்கிகூடத் தொடங்கப்பட்டது. 1983க்குப் பின் வந்தவர்கள் அகதிகள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் சற்று அதிகமான முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். இவர்களில் மலையக வம்சத்தார் கணிசம். 1948ல் அந்த நாடு இவர்களை இந்தியர்கள் என்றது. படகில் வந்து இறங்கியதும் இந்த நாடு இவர்களை இலங்கையர்கள் என்றது. 2019ல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களின் பிரஜா உரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி சொன்னது. 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்ற சட்டத்தின் பலத்தில் முகாமிலிருந்து ஒருவர் 2024ல் வோட்டுப் போட்டது பத்திரிகைச் செய்தி ஆயிற்று. ஒரு மனுஷி வோட்டுப் போடுவது செய்தியாகிறது. 1987க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

முகாமின் வீடு, தண்ணீர், கக்கூஸ் எல்லாம் மறுவாழ்வுத் துறையும் கலெக்டரும் பார்த்துக்கொள்பவை. 2021ல் மாநில சர்க்கார் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட புதிய வீடுகளை அறிவித்தது. நல்ல காரியம். அதைக் குறைசொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனால் தோட்டம் தன் ஆளைத் தானே பார்த்துக்கொள்ளும், கிராமச் சங்கத்திடம் அவனுக்கு என்ன வேலை என்று 1937ல் சொன்னார்களே, அந்த வாக்கியத்தில் துரையை எடுத்துவிட்டு இலாகாவை வைத்தால் முகாம் வந்துவிடுகிறது. நல்ல துரை இருந்தான், கெட்ட துரை இருந்தான். நல்ல இலாகாவும் அப்படித்தான்.

ஒரு ஆட்சேபம் என்னைத் தொந்தரவு செய்கிறது. நண்பர் ஒருவர் சொன்னார்: ஊர் வோட்டைக் கொடுத்துவிட்டால் சர்க்காருக்குச் சௌகரியம், இது போதும் என்று பிரஜா உரிமையை இன்னும் ஐம்பது வருஷம் தள்ளிப்போடும், இரண்டாந்தரப் பிரஜைக்கு நீயே பாய் விரிக்கிறாய் என்று. ஒதுக்கிவிட முடியாத வாதம். நான் அவருக்குச் சொன்னது, இலங்கையில் வரிசை எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும் என்பது. அங்கே ஊர் வோட்டு முதலில் மறுக்கப்பட்டதால்தான் மற்றது சுலபமாகப் பறிபோயிற்று. கிராமச் சங்கத்தில் பக்கத்தில் உட்காராத சிங்களக் கிராமத்தானுக்கு, லயத்தான் பட்டியலிலிருந்து போனபோது ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வந்திருக்காது. ஒரே சந்தைக்கும் ஒரே சுடுகாட்டுக்கும் பத்து வருஷம் சேர்ந்து சண்டை போட்டிருந்தால் 1948 தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் சத்தமாவது கேட்டிருக்கும். நண்பருக்கு இது திருப்தியளிக்கவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

வோட்டு உள்ள நாமும் ஒன்றும் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சென்னை மாநகராட்சி 1973ல் கலைக்கப்பட்டு அடுத்த தேர்தல் 1996ல் நடந்தது. 2016லிருந்து 2022வரை மறுபடி கவுன்சிலர் கிடையாது. எண்ணூரில் பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் சர்வ நிச்சயமாக இந்தியப் பிரஜைகள். அவர்களில் பெரும்பாலோருடைய வோட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது, சாம்பல் விழுவது இங்கே. அது வேறு கட்டுரை.

அந்தப் பெண்ணின் படிவத்தை நான்தான் கணினியில் ஏற்றினேன். நாட்டினம் என்ற கட்டத்தில் அது ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டு அடித்தல்களை ஏற்காது. இலங்கை என்று போட்டேன். அடுத்த கட்டம், இந்த முகவரியில் எத்தனை வருஷமாக வசிக்கிறார் என்பது. பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டு 25 என்று எழுதினேன்.